பச்சையும் புண்ணும்

மனிதன் தன் தோலின்மேல் எழுதிக்கொண்ட கோலங்களைப் பற்றி ஆராய்ந்தோர் பலர். தேளும் மீனும் எதைக் குறிக்கின்றன, கணவன் பெயரை முன்கையில் எழுதும் வழக்கம் எவ்வாறு வந்தது, எந்தக் குலத்துக்கு எந்தக் கோலம் உரியது என்றெல்லாம் எழுதிவைத்துள்ளனர். ஆயினும் பச்சை குத்திய நாளுக்கும் புண் ஆறிய நாளுக்கும் இடையே கழியும் சில வாரங்களைப் பற்றி அவர்களுட் பெரும்பாலோர் பேசுவதில்லை. கோலம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தாங்கிய வேதனையும், அந்த வேதனையைத் தணித்த கைகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பச்சை என்பது முதலில் ஒரு புண். புண் ஆறிய பின்னரே அது கோலமாகிறது. ஆகவே பச்சைகுத்துதலின் வரலாறு புண்ணைப் பேணிய வரலாறுமாகும். குத்தியவர் யார், எவருடைய விருப்பத்தின் பேரில் குத்தினார், குத்திய பின் புண்ணைப் பார்த்துக்கொண்டவர் யார் என்ற மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்பினால், ஒரு சமுதாயத்தின் உறவுகள் பலவற்றை அந்தச் சிறு புண்ணிலே நாம் காணலாம்.

இந்த வழக்கம் மிகப் பழையது. 1991ஆம் ஆண்டில் இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் இடைப்பட்ட அல்ப்ஸ் மலைப் பனியில் ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவன் ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவன் உடலில் 61 பச்சைக் குறிகள் உள்ளன. தோலிலே கரி சேர்ந்த சிறு கோடுகளும் சிலுவைக் குறிகளுமே அவை. எழுத்தும் அரசும் அல்ப்ஸ் பகுதியில் தோன்றாத காலத்திலும் மனிதன் தோலைத் துளைத்துக் கரியை இட்டு, அது ஆறும்வரை பொறுத்திருக்கக் கற்றிருந்தான் என்பதற்கு இது சான்று.

*

வரலாற்றுக்குள் நுழையுமுன் புண் ஆறுகின்ற முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வது பயன்தரும். ஊசி மேற்றோலைக் கடந்து உட்டோலில் மையை இறக்குகிறது. அதன் ஆழம் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர். மேற்றோல் ஓயாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. மை அங்கு மட்டும் தங்கினால் சில வாரங்களில் மறைந்துவிடும். உட்டோலை அடைந்த மையே நிலைக்கிறது.

முதற் சில நாட்களில் அவ்விடம் சிவந்து வீங்கும். குருதியும் நிணநீரும் மையும் கலந்து கசியும். பின்னர் மெல்லிய பொருக்குக் கட்டும், அரிப்பெடுக்கும், செதில் செதிலாகத் தோல் உரியும். மேற்றோல் மூடிக்கொள்ள இரண்டு மூன்று வாரங்கள் செல்லும். உட்டோல் முற்றாகச் சீரடைய மாதக்கணக்காகும்.

மை ஏன் அழிவதில்லை? உடலுட் புகுந்த அந்நியப் பொருளை விழுங்கும் தின்குழியங்கள் அங்கு விரைந்து வந்து மைத்துணிக்கைகளை விழுங்குகின்றன. ஆனால் அவற்றால் அவற்றைச் செரிக்க முடிவதில்லை. பிரான்சின் மார்செய் நகரத்து ஆய்வாளர்கள் எலிகளிற் பரிசோதித்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு சுவையானது. ஒரு தின்குழியம் இறக்கும்போது அது விடுவித்த மையைப் புதிதாக வந்த மற்றொன்று ஏற்றுக்கொள்கிறது என்று அவர்கள் காட்டினர். நிலையானதென நாம் கருதும் பச்சை, உண்மையில் ஓயாது கைமாறிக்கொண்டிருக்கும் ஒரு சுமையாகும். உடல் அந்த மையை மறக்கவில்லை. அதைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வாறு ஆறுவதற்கு வேண்டியவை நான்கு: தூய நீர், தூய கை, நிழல், ஓய்வு. இவை எளியவை போலத் தோன்றும். ஆனால் வரலாற்றில் இந்நான்கும் எல்லாருக்கும் ஒரேயளவில் கிடைத்ததில்லை.

*

பசிபிக் சமுத்திரத்துச் சமோவாத் தீவுகளை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'தட்டு' என்னும் சொல் பொலினீசிய மக்களின் 'தத்தாவு' என்ற சொல்லிலிருந்து, 18ஆம் நூற்றாண்டில் கப்டன் குக் முதலிய கடலோடிகள் வழியாகச் சென்றது. சமோவாவில் ஆண்மகன் இடுப்பு முதல் முழங்கால்வரை பச்சை குத்திக்கொள்வான். இதற்குப் பேஆ என்று பெயர். பெண்கள் தொடைகளிற் குத்திக்கொள்ளும் கோலம் மாலு எனப்படும். பன்றியின் கோரைப்பல்லிலோ எலும்பிலோ செதுக்கிய சீப்புப் போன்ற கருவியைச் சிறு கோலால் தட்டித் தட்டி, எண்ணெய்க் கொட்டையை எரித்தெடுத்த புகைக்கரியைத் தோலுள் இறக்குவர். வேலை பல நாட்கள் தொடரும். பழங்காலத்தில் அது வாரக்கணக்காகவும் நீண்டது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது கோலத்தின் அழகை அன்று, வேலைப் பங்கீட்டை. குத்துபவன் ஒருவன். தோலை இழுத்துப் பிடிப்பவர்களும் குருதியைத் துடைப்பவர்களும் அவனோடு இருப்பர். வேதனைப்படுபவனைச் சூழ்ந்து உறவினர் அமர்ந்திருந்து பாடுவர். ஒருவன் தனியே இவ்வேதனையை ஏற்பது வழக்கமன்று. துணை ஒருவனோடு சேர்ந்தே ஏற்பான். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் புண்ணைக் கழுவி, உள்ளே கட்டிய நீர் வெளியேறும்படி பிசைந்துவிடுவர். இது குத்தலைவிடக் கடுமையான வேதனை என்று சொல்லப்படுவதுண்டு. ஆயினும் அதைச் செய்யாது விட்டாற் புண் சீழ்ப்பிடிக்கும் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. எல்லாம் நிறைவேறிய நாளில் தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசிச் சடங்கு செய்வர். குத்தியவனுக்கு நுண்ணிய பாய்களும் உணவும் ஊதியமாக வழங்கப்படும்.

ஆறாத புண்ணோடு படுத்திருப்பவனுக்கு உணவு கொடுப்பதும், அவனுடைய வேலையைத் தாம் ஏற்பதும் குடும்பத்தாரின் கடமையாக இருந்தன. அதாவது புண் ஒருவனுடையது. அதை ஆற்றுவது பலருடைய உழைப்பு. 1830ஆம் ஆண்டில் சமோவாவுக்கு வந்த இலண்டன் மிசனரிமார் இவ்வழக்கத்தை அஞ்ஞானமெனக் கண்டித்தனர். எனினும் அது அழியவில்லை. பசிபிக்கின் வேறு பல தீவுகளில் அற்றுப்போன கலை சமோவாவில் இடையறாது நிலைத்ததற்கு, அதைத் தாங்கிய கூட்டுவாழ்வு அங்கு உடையாதிருந்தமை ஒரு முக்கிய காரணம் எனலாம்.

*

இனித் தமிழகத்துக்கு வருவோம். அங்கே பச்சை குத்தும் தொழில் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்களின் கையில் இருந்தது. ஊரூராகச் சென்று, தெருவிற் கூவி, திண்ணையில் அமர்ந்து குத்திய பெண்கள் அவர்கள். சென்னை அரசாங்க நூதனசாலையின் பொறுப்பாளராயிருந்த எட்கார் தேஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1906ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவர்களுடைய மை தயாரிப்பை விவரித்துள்ளார். மஞ்சளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கிலிட்டு எரிப்பர். விளக்கின்மேற் புதிய மட்பானையொன்றைக் கவிழ்த்துவைத்து, அதிற் படியும் கரியைச் சுரண்டி எடுத்துத் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். குத்திய பின் எண்ணெயும் மஞ்சட்பொடியும் தடவுவர்.

மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் இயல்பும் நுண்ணுயிர்களை ஓரளவு தடுக்கும் இயல்பும் உண்டென்று இன்றைய ஆய்வுகூடங்கள் காட்டியுள்ளன. எண்ணெய் புண்ணை உலரவிடாது காக்கிறது. எரித்தெடுத்த கரியிற் கிருமிகள் குறைவு. எழுத்தறியாத பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பரீட்சித்துச் சேர்த்துவைத்த அறிவு இது. அதேவேளை இதைத் தெய்வீகமென்று போற்றுவதும் பிழையாகும். ஒரே ஊசி பல கைகளைத் துளைத்தது. குழைத்த பாலும் நீரும் கிருமியைக் கொண்டுவரக்கூடியவை. கடையில் வாங்கும் மஞ்சட்பொடி தூயதென்பதற்கு உறுதியில்லை. ஏற்புவலிக்குத் தடுப்பூசி இல்லாத காலத்தில், ஒரு துருவேறிய ஊசி உயிரையும் குடிக்கவல்லது. நம் முன்னோர் அறிந்ததை மதிப்போம். அவர்கள் அறியாததை மறையாதிருப்போம்.

வேதனையை மறக்கப் பாடிய பாட்டும், அழும் சிறுமிக்குச் சொன்ன ஆறுதலும் அத்தொழிலின் ஒரு பகுதியே. அவற்றைச் செய்த பெண்ணுக்குக் கிடைத்த கூலியோ ஒருபிடி அரிசி, வெற்றிலை பாக்கு, சில காசுகள். அத்தோடு முடிந்திருந்தாலும் போதுமானது. 1871ஆம் ஆண்டில் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911ஆம் ஆண்டின் திருத்தத்தால் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டன. ஊரூராகத் திரிவதே குற்றத்தின் அடையாளமாயிற்று. திரியாமற் பச்சை குத்த முடியாது. திரிந்தாற் பொலிசாருக்குப் பதில் சொல்லவேண்டும். புண்ணை ஆற்றக் கற்ற கைகளின் விரல் ரேகையை அரசு பதிவேட்டில் எடுத்துக்கொண்டது. அச்சட்டம் நீக்கப்பட்டது 1952ஆம் ஆண்டிலேதான்.

தமிழகத்திலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்களோடு இப்பச்சைகளும் இலங்கைக்கு வந்தன. மலையகத்து முதிய தாய்மாரின் முன்கைகளிற் காணப்பட்ட கோலங்களும் பெயர்களும் அவ்வழி வந்தவையே. நகையை அடகு வைக்கலாம். பச்சையை அடகு வைக்க முடியாது. இறந்த பின்னும் கூடவரும் அணி அது ஒன்றே என்னும் நம்பிக்கை ஏழை மக்களிடையே வேரூன்றியதில் வியப்பில்லை.

*

இதுவரை கூறியவை விரும்பி ஏற்ற புண்கள். விரும்பாதவன் தோலில் அதிகாரம் குத்திய பச்சைக்கும் நீண்ட வரலாறு உண்டு.

கிழக்கிந்தியக் கொம்பனியார் 1797ஆம் ஆண்டில் வங்காளத்திலும் 1802ஆம் ஆண்டிற் சென்னை மாகாணத்திலும் ஆயுட் கைதிகளின் நெற்றியிற் பச்சை குத்தும் தண்டனையைச் சட்டமாக்கினர். வட இந்தியப் பெண்கள் அணியாகக் குத்திக்கொண்ட கோத்னா என்ற பெயரையே அத்தண்டனைக்கும் வைத்தனர். மக்களின் அணிகலன் அரசாங்கத்தின் முத்திரையாயிற்று. அவ்வாறு குறியிடப்பட்டோர் பினாங்கு, சிங்கப்பூர், மொரீசியசு முதலிய இடங்களுக்கு நாடுகடத்தப்பட்டு, வீதி வெட்டவும் பாலம் கட்டவும் அமர்த்தப்பட்டனர். நெற்றியின் எழுத்தைத் தலைப்பாகையாலும் தலைமயிராலும் மறைத்து வாழ அவர்கள் முயன்றனர். 1849ஆம் ஆண்டில் இத்தண்டனை நீக்கப்பட்டது.

யப்பானிலும் 1720ஆம் ஆண்டு முதல், மூக்கையும் காதையும் அறுக்கும் தண்டனைக்குப் பதிலாகக் குற்றவாளியின் கையிலோ நெற்றியிலோ பச்சை குத்தும் தண்டனை வழங்கிற்று. குத்தியவுடன் கைதியை வெளியே விடுவதில்லை. மை உலரும்வரை சிறையில் வைத்திருந்தே விட்டனர். இங்கும் ஒருவகைப் பேணல் உண்டு. ஆனால் அது மனிதனைப் பேணுவதன்று, குறியைப் பேணுவது. புண் நன்றாக ஆறவேண்டுமென்று விரும்பியவன் தண்டித்தவனே. இத்தண்டனை 1870ஆம் ஆண்டில் ஒழிந்தது. இரண்டாண்டு கழித்து 1872இல் விரும்பிக் குத்துவதும் தடைசெய்யப்பட்டது. அத்தடை 1948ஆம் ஆண்டுவரை நீடித்தது.

இவ்வரலாற்றின் மிகக் கொடிய பக்கம் 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் அவுஸ்விற்ஸ் முகாமில் எழுதப்பட்டது. நாசிகள் சோவியத் போர்க்கைதிகளுக்கென ஓர் இரும்பு முத்திரையைச் செய்தனர். ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளமான ஊசிகளால் அமைந்த மாற்றக்கூடிய இலக்கங்களை அதிற் பொருத்தி, ஒரே அடியிற் கைதியின் இடது மார்பில் முழு எண்ணையும் பதித்தனர். குருதி வழியும் புண்ணில் மையைத் தேய்த்தனர். பின்னர் ஒற்றை ஊசியால் முன்கையிற் குத்தும் முறை வந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு அம்முகாமில் எண்கள் வழங்கப்பட்டன. அங்கு புண்ணைக் கழுவ நீரில்லை, ஓய்வில்லை, ஆறவேண்டுமென்ற அக்கறை எவருக்கும் இல்லை. பிணத்தை அடையாளம் காண்பதற்கென இடப்பட்ட எண்ணுக்கு ஆறுதல் எதற்கு?

உயிர் தப்பியோருள் ஒருவரான இத்தாலிய எழுத்தாளர் பிறீமோ லேவி தம் கையின் எண்ணை அழிக்க மறுத்தார். அச்சான்றைத் தாங்கி நிற்போர் உலகில் மிகச் சிலரே என்பது அவர் காட்டிய காரணம். இழிவாக இடப்பட்ட குறியைச் சாட்சியமாக மாற்றும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

*

ஐரோப்பிய அமெரிக்கத் துறைமுகங்களில் இக்கலை மாலுமிகளின் வழக்கமாகத் தொடங்கி, பின்னர் சந்தைப் பண்டமாயிற்று. ஏர்னெஸ்ற் பெர்சோன் என்ற பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் 1869ஆம் ஆண்டிற் பச்சைகுத்துதலின் மருத்துவ வரலாற்றை நூலாக எழுதினார். புண் அழுகிக் கையை வெட்டவேண்டி வந்தோரையும், இறந்தோரையும் அவர் பதிவுசெய்தார். 1870களின் பிற்பகுதியிற் பிலடெல்பியா நகரில், வாயிற் கிரந்திப் புண் கொண்ட ஒருவன் எச்சிலால் ஊசியை நனைத்துக் குத்தியதாற் பலருக்கு அந்நோய் தொற்றிய செய்தியை 1878இல் இரு மருத்துவர் வெளியிட்டனர். ஜோசெப் லிஸ்ரர் 1867ஆம் ஆண்டிலேயே காபோலிக் அமிலத்தாற் புண்ணின் கிருமியைக் கொல்லும் முறையை அறிவித்திருந்தார். ஆனால் ஆசுப்பத்திரியில் நுழைந்த விஞ்ஞானம் துறைமுகத்துச் சந்துக்குள் நுழைய நெடுங்காலம் சென்றது.

1891ஆம் ஆண்டில் நியூயோர்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓரைலி, எடிசனின் மின்பேனாவை அடிப்படையாகக் கொண்டு பச்சைகுத்தும் மின்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். நாட்கணக்கான வேலை மணிக்கணக்காகச் சுருங்கியது. குத்துபவனுக்கும் குத்திக்கொள்பவனுக்கும் இடையே காசைத் தவிர வேறு உறவு இல்லாது போயிற்று. சமோவாவில் உறவினர் செய்த பேணல் வேலை முழுவதும் இப்போது தனிமனிதன் தலையில் விழுந்தது. கடைக்கதவு மூடியதும் அவன் பாடு அவனுடையது.

அரசுகள் என்ன செய்தன? 1961ஆம் ஆண்டில் ஈரலழற்சி பரவியதைக் காரணங்காட்டி நியூயோர்க் நகரம் பச்சைகுத்துதலைத் தடைசெய்தது. தடை 36 ஆண்டுகள் நின்று 1997இல் நீங்கிற்று. இடைக்காலத்தில் தொழில் அழியவில்லை. மூடிய அறைகளுக்குள் மறைந்தது. ஊசியைக் காய்ச்சச் சொல்லிக்கொடுப்பதிலும் தடை விதிப்பது அரசுக்கு எளிது. நியூசிலாந்து வேறு வழியைக் கைக்கொண்டது. அங்கு வாழும் சமோவா மக்களிடையே மரபுமுறைப் பச்சையாற் சிலருக்குக் கடும் தொற்று ஏற்பட்டபோது, கலையைக் குற்றமாக்காது, அதைச் செய்வோர்க்கான சுகாதார வழிகாட்டியைச் சுகாதார அமைச்சு 2010ஆம் ஆண்டில் வெளியிட்டது. மரபும் விஞ்ஞானமும் ஒரே பாயில் அமரலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

*

புண் ஆறுதல் பற்றிய நம் எண்ணத்தையே மாற்றிய ஆய்வொன்று 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலண்டனில் ஆராய்ந்த ஜோர்ஜ் வின்ரர் இளம் பன்றிகளின் தோலிற் சிறு காயங்களை உண்டாக்கினார். சிலவற்றைக் காற்றில் உலரவிட்டார். சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடினார். மூடப்பட்டு ஈரமாயிருந்த காயங்களில் மேற்றோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பொருக்கே ஆறுதலின் அடையாளம் என்ற நெடுநாள் நம்பிக்கை அத்தோடு ஆட்டங்கண்டது. எண்ணெய் தடவிய குறத்தியும் சமோவாத் தாயும் இப்படலத்தை அறியார். ஆயினும் அதன் பயனை ஓரளவு அறிந்திருந்தனர்.

இன்று மருத்துவர் கூறும் அறிவுரை சுருக்கமானது. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின்னரே புண்ணைத் தொடுக. தூய இளஞ்சூட்டு நீராலும் மணமற்ற மென்மையான சவர்க்காரத்தாலும் கழுவி, தேய்க்காது ஒற்றி உலர்த்துக. வாசனையற்ற களிம்பை மிக மெல்லியதாகத் தடவுக. பொருக்கை நகத்தாற் கிள்ளற்க. ஆறும்வரை கடலிலும் குளத்திலும் முழுகற்க, வெயிலில் நிற்காதிருக்க. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நில்லாது மருத்துவரை நாடுக.

அறிவுரை எளியதுதான். அதைக் கைக்கொள்ளும் வசதி யாருக்கு உண்டு என்பதே வினா. குழாய்நீருக்கு வரிசையில் நிற்கும் லயத்துப் பெண் புண்ணை நாளுக்கு இருமுறை எங்ஙனம் கழுவுவாள்? நாட்சம்பளத்துக்கு வெயிலில் நிற்கும் தொழிலாளி நிழலை எங்கே தேடுவான்? அலுவலகத்தில் இருப்பவனுக்கு இரண்டு வாரத்தில் ஆறும் புண், மண்ணிலும் உரத்திலும் கைவைப்பவனுக்கு இரண்டு மாதமும் ஆறாதிருக்கலாம். ஊசி இருவருக்கும் ஒன்றே, புண் ஒன்றல்ல.

ஆகவே பச்சையை நாகரிகமென்றோ அநாகரிகமென்றோ தீர்ப்புக் கூறுவதற்குமுன் நாம் கேட்கவேண்டியது வேறு. குத்திக்கொண்டவர் விரும்பிக் குத்திக்கொண்டாரா? குத்தியவரின் உழைப்புக்கு மதிப்புக் கிடைத்ததா? புண் ஆறும்வரை அவரைத் தாங்க எவரேனும் இருந்தனரா? வகுப்பறையில் மாணவனொருவன் தன் பாட்டியின் கைப்பச்சையைப் பற்றி வெட்கத்தோடு பேசுவானாயின், ஆசிரியர் அவனிடம் இவ்வினாக்களை ஒப்படைக்கட்டும். அவன் வீட்டுக்குச் சென்று பாட்டியின் அருகில் அமர்ந்து கேட்கட்டும். எந்தச் சுவடிச்சாலையிலும் கிடைக்காத விடை அங்கே கிடைக்கக்கூடும். அதைத் தாங்கிய கைகள் நம்மிடையே குறைந்து வருகின்றன. கேட்பதற்கு நமக்குள்ள காலமும் குறைந்தே வருகிறது.